வேப்பிலையா, துளசியா, கொய்யா இலையா: வாய்க்கு எந்த இலை, எந்தப் பிரச்சினைக்கு?

ஈறில் லேசாக ரத்தம், காலையில் வாய் நாற்றம், பல்லின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு. இதில் ஏதாவது ஒன்று ஆரம்பித்ததும் இலை வைத்தியம் பற்றித் தேட ஆரம்பிக்கிறோம், தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. வேப்பிலை எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று ஓரிடத்தில் இருக்கும், துளசி மவுத்வாஷுக்குச் சமம் என்று இன்னோரிடத்தில், கொய்யாக் கொழுந்தை மென்றாலே போதும் என்று மற்றோரிடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வைக் காட்டுவார்கள், எல்லா ஆய்விலும் அந்தந்த இலை ஜெயித்திருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக வேம்பு, துளசி, கொய்யா, பச்சைத் தேயிலை, புதினா ஆகிய ஐந்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். கூடவே பல் டாக்டர்கள் எழுதித்தரும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இலை ஆய்வுகளில் பெரும்பாலானவை தங்களை அதோடுதான் ஒப்பிட்டுக்கொள்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் அதிகக் கிருமியைக் கொன்ற இலை எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உங்கள் வாயில் இருக்கும் பிரச்சினை எது, அந்த இலையிலிருந்து தண்ணீரில் உண்மையில் என்ன இறங்குகிறது, இறங்கியது ஈறோரத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு பயன் கிடைக்கும்.

## ஆய்வகத் தட்டில் தெரியும் வளையம் என்ன சொல்கிறது

"இந்த இலைக்கு 18 மில்லிமீட்டர், அந்த இலைக்கு 12 மில்லிமீட்டர்" என்று ஆய்வுச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்றால், வட்டமான ஒரு கண்ணாடித் தட்டில் அகார் என்கிற ஜெல்லியை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சீராகத் தடவுவார்கள். இலைச் சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை நடுவில் வைப்பார்கள், அல்லது ஜெல்லியில் குழி தோண்டி அதில் சாற்றை விடுவார்கள். பிறகு 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்து எடுத்தால், தட்டு முழுக்கப் பனி படர்ந்த மாதிரி பாக்டீரியா வளர்ந்திருக்கும், வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தின் விட்டத்தைத்தான் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

நல்ல சோதனைதான், ஒரு இலையில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று முதலில் சலித்துப் பார்க்க இது போதும். ஆனால் இரண்டு இலைகளை ஒப்பிட இந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். ஜெல்லிக்குள் வேகமாக ஊர்ந்து பரவுகிற சிறிய மூலக்கூறு பெரிய வளையம் காட்டும். துவர்ப்பைத் தரும் டானின் மாதிரி பெரிய மூலக்கூறும், தண்ணீரோடு சேராத எண்ணெய்ப் பொருளும் வில்லையின் பக்கத்திலேயே தங்கிவிடும், அதனால் வளையம் சிறிதாக இருக்கும், கொல்லும் திறன் கூடுதலாக இருந்தாலும்கூட. அப்புறம், அந்தச் சாறு பெரும்பாலும் எத்தனால், மெத்தனால் போன்ற ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்துச் சுண்டவைத்த சாறு. நாம் வீட்டில் செய்வது தண்ணீரில் கொதிக்கவைப்பது. தட்டில் பாக்டீரியா ஒரு முழு நாள் அந்தச் சாற்றோடு இருக்கிறது, வாயில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இருந்துவிட்டுத் துப்பிவிடுகிறோம், மிச்சத்தை எச்சில் கழுவிவிடுகிறது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. வாயில் பாக்டீரியா தனித்தனியாகச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எழுநூறு வகை வரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன, அவற்றில் பல சேர்ந்து தாமே சுரக்கும் பிசின் ஒன்றுக்குள் குடியிருக்கின்றன. பல்லில் நாக்கால் தடவினால் வழவழவென்று தெரிகிற பற்படலம் அதுதான். 1683இல் நுண்ணுயிர்களை முதன்முதலில் பார்த்தவர்களில் ஒருவரான டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளை அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் சின்னஞ்சிறு உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: கடுமையான வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார், பல்லிடுக்கு அழுக்கில் அவை இன்னும் உயிரோடு இருந்தன. வெளியே இருப்பவற்றை மட்டும்தான் வினிகர் கொன்றது, உள்ளே போகவில்லை என்று முடிவுக்கு வந்தார். முந்நூற்றுச் சொச்சம் வருடம் கழித்தும் எந்தக் கொப்பளிப்பு நீருக்கும் இதுதான் முதல் தடை.

"99 சதவீதம் கொல்லும்" என்ற வாக்கியத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். பத்துக் கோடி பாக்டீரியாவில் 99 சதவீதம் செத்தால் மிச்சம் பத்து லட்சம். மீண்டும் பெருக அது தாராளம்.

## அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது

முதலில் பிரச்சினை எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சொத்தை ஒரு கதை: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, பல் ஓரத்தில் பி.எச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. ஈறு நோய் வேறு கதை, ஈறோரத்தில் படலம் தேங்கி உடல் அதற்கு எதிராகக் கொதித்தெழுவதால் வீக்கமும் ரத்தமும் வருகின்றன, முற்றிய நிலையில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போலக் காற்றில்லாத இடத்தில் வாழ்பவை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உருவாகும் பைக்குள் இறங்கிவிடுகின்றன. வாய் நாற்றம் இன்னொன்று, பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் இருக்கும் பாக்டீரியா விடுகிற கந்தக வாயுக்கள்தான் காரணம். ஒரே இலை மூன்றுக்கும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது தண்ணீரில் இறங்கும் பொருள். மூன்றாவது வாயில் தங்கும் நேரம். நான்காவது, தட்டில் இல்லாமல் மனிதர்கள் வாயில் சோதித்திருக்கிறார்களா என்பது. கடைசியாக, யாரும் பேசாத செலவுகள்: கறை, வறட்சி, ஒவ்வாமை, தினமும் கொதிக்கவைத்து ஆறவைக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக "இலை போட்டுக் கொப்பளிக்கிறேனே, சரியாகிவிடும்" என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவது. இந்தக் கடைசிச் செலவில்தான் பலருக்குப் பல்லே போகிறது.

## குளோர்ஹெக்சிடின்: ஒப்பிடும் கோல்

0.12 அல்லது 0.2 சதவீதக் கரைசலாக வருவது. இதன் பலம் கொல்வதில் மட்டும் இல்லை, ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. பல், ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. எந்த இலைக் கஷாயத்துக்கும் இந்தக் குணம் இந்த அளவுக்குக் கிடையாது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பல் துலக்குவதோடு இதையும் சில வாரங்கள் பயன்படுத்தினால் படலம் நன்றாகக் குறைகிறது என்று சொன்னது. அதே தொகுப்பு, பற்கறை பெரிதும் கூடும், காரையும் (படலம் கல்லாக இறுகியது) கூடும், சிலருக்கு நாக்கில் ருசி மாறும் என்றும் சொன்னது.

ஆக இது ஒரு குறுகிய கால மருந்து. பல் அறுவைக்குப் பிறகு, பிரஷ் பிடிக்க முடியாத நிலையில், டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு. மாதக்கணக்கில் தானாகப் பயன்படுத்துவது சரியில்லை. நாக்கில் இருக்கும் சில நல்ல பாக்டீரியா நம் உணவில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி ரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகின்றன, எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் அந்த உதவியும் போகிறது. இலை தேடுபவர்கள் இந்த நீண்டகாலப் பயன்பாட்டுக்குத்தான் மாற்றுத் தேடுகிறார்கள், அது நியாயமான தேடல்.

## வேப்பிலை

பெயர் பெரியது, ஆதாரமும் இருக்கிறது, ஆனால் நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. நிம்போலைடு முதலான லிமோனாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள்தான் வேம்பின் பேர்பெற்ற சரக்கு, அவை தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. எத்தனாலில் எடுத்த வேப்பிலைச் சாறு தட்டில் நன்றாக வளையம் காட்டுவதற்கும், வெறும் தண்ணீரில் எடுத்தது பல ஆய்வுகளில் மந்தமாக இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வேப்பிலையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் கசப்பும் டானினும் ஃபிளேவனாய்டுகளும் இறங்கும். கசக்கிறதே, வேலை செய்யும் என்று நாக்கு நம்பிவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் 2004இல் வந்த ஒன்று கவனிக்கத்தக்கது. 36 ஆண்களிடம் ஆறு வாரம், வேப்பிலைச் சாறு கலந்த ஜெல்லைப் பயன்படுத்தியதில் படலமும் பாக்டீரியா எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தன, ஒப்பீட்டுக்குக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் அதில் ஜெயித்தது ஜெல், ஒட்டிக்கொண்டு தங்கும்படி செய்த ஜெல். கஷாயம் இல்லை. அதனால் வேம்புதான் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில்: கொப்பளிக்காதீர்கள், ஈறோரத்தில் வையுங்கள். சுத்தமாகக் கழுவிய கொழுந்தை மைய அரைத்து விரலால் ஈறோரத்தில் தடவி இரண்டு மூன்று நிமிடம் விட்டுத் துப்புவது கஷாயத்தைவிட அர்த்தமுள்ளது.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, அந்தக் கசப்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்பவர்கள் குறைவு, தொடராத வைத்தியம் எவ்வளவு வீரியமாக இருந்தும் பயனில்லை. இரண்டாவது ஆபத்தானது. வேப்பிலையோடு வேப்பெண்ணெயையும் ஒன்றாக நினைத்துக் குழந்தை வாயில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேப்பெண்ணெய் உள்ளே போன சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளை பாதிப்பு வரை வந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. எண்ணெய் வேண்டவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் வேம்பை எந்த வடிவத்திலும் விழுங்காமல் இருப்பது நல்லது.

## துளசி

கொப்பளிப்பு நீர் என்ற வடிவத்திலேயே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது என்பதுதான் துளசிக்கு வேப்பிலையைவிட இருக்கும் சாதகம். 2014இல் வெளியான ஒரு சோதனையில் 108 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 4 சதவீதத் துளசிச் சாறு, ஒன்றுக்குக் குளோர்ஹெக்சிடின், ஒன்றுக்கு உப்புக்கரைசல் என்று முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார்கள். படலத்தையும் ஈறு அழற்சியையும் குறைப்பதில் துளசி ஏறக்குறைய குளோர்ஹெக்சிடின் அளவுக்கு வந்தது. துளசி மவுத்வாஷுக்குச் சமம் என்ற பேச்சுக்கு இது மாதிரி ஆய்வுகள்தான் அடிப்படை.

ஆனால் அந்த 4 சதவீதத்தை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு கைப்பிடி, அதாவது பத்து கிராம் பச்சைத் துளசியில் பெரும்பகுதி தண்ணீர், காய்ந்தால் இரண்டு மூன்று கிராம் தேறும். அதிலிருந்து கொதிநீரில் இறங்குவது தாராளமாகவே கணக்கிட்டாலும் அரை கிராம். இருநூறு மில்லி தண்ணீரில் அரை கிராம் என்றால் 0.25 சதவீதம். ஆய்வில் கொடுத்ததைவிடப் பதினாறு மடங்கு நீர்த்தது. இது தோராயக் கணக்கு, ஆனால் எந்தப் பக்கம் தவறினாலும் வீட்டுக் கஷாயம் 4 சதவீதத்தை எட்டாது. நாலு இலையைப் போட்டு ஒரு செம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கிடைப்பது வாசனைத் தண்ணீர்தான்.

இன்னொரு நுணுக்கம். துளசியின் முக்கியச் சரக்கான யூஜினால் ஆவியாகிற எண்ணெய், கிராம்பிலும் இருப்பது, பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வருமே ஒரு வாசனை, அதில் பெரும்பங்கு இதுதான். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் அந்த வாசனை வீடெல்லாம் பரவும், மருந்து நீராவியோடு போய்விட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்த பிறகு இலையைக் கசக்கிப் போட்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். மூடியின் உட்புறம் நிற்கும் நீர்த்துளிகளையும் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிடுங்கள், எண்ணெய் அதிலும் இருக்கும்.

யூஜினால் சிலருக்கு ஒவ்வாது, கன்னத்தின் உட்புறம் எரிச்சல் அல்லது தோல் உரிவது போல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கொப்பளித்துத் துப்புவதோடு நிறுத்திக்கொண்டு, தினமும் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

## கொய்யா இலை

இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். காரணம் எளிது: கொய்யா இலையில் இருக்கும் சரக்கு தண்ணீரில் இறங்கக்கூடியது. டானின்கள், குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு சர்க்கரையோடு சேர்ந்த வடிவங்கள், இவையெல்லாம் கொதிநீரில் நன்றாக வரும். நிறமே காட்டிக்கொடுக்கும், பத்து நிமிடத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும்.

அதில் குவாஜாவெரின் என்று ஒன்று இருக்கிறது. மியூட்டன்ஸ் பாக்டீரியா பல்லின் மேல் ஒட்டுவதற்கு உதவுகிற தன்மையை அது குறைக்கிறது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். கொல்வதைவிட ஒட்டவிடாமல் செய்வது வாய்க்குப் பொருத்தமான வேலை, ஏனென்றால் ஒட்டாத பாக்டீரியாவை எச்சிலே விழுங்கிக் கொண்டுபோய்விடும். ஒரு நிமிடமே இருக்கும் கொப்பளிப்பு நீரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியதும் இந்த மாதிரி வேலைதான். அதோடு டானினின் துவர்ப்பு ஈறை இறுக்கிப் பிடிக்கும், வீங்கிய ஈறு கொஞ்சம் அடங்கியது போல உடனே தெரியும்.

அந்த உடனடி நிம்மதியில்தான் பொறியும் இருக்கிறது. ஈறு இறுகியதால் ரத்தம் நின்றது போலத் தோன்றும், அடியில் இருக்கும் காரை அப்படியே இருக்கும். காரை என்பது படலம் கல்லாக இறுகியது. எந்த இலையும் அதைக் கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். டானின் எச்சிலில் உள்ள புரதங்களோடு சேர்ந்து திரிவதால் வாய் வறண்டது போல இருக்கும், ஏற்கனவே எச்சில் குறைவாகச் சுரப்பவர்களுக்கு, மாத்திரைகளால் வாய் உலர்ந்திருப்பவர்களுக்கு, இது சரிப்படாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறையும் பிடிக்கும்.

## பச்சைத் தேயிலை

ஐந்தில் அன்றாடத்துக்கு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஈ.ஜி.சி.ஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கேட்டெகின் (தேயிலைக்குத் துவர்ப்பு தரும் பொருள்களில் ஒன்று), மியூட்டன்ஸ் பாக்டீரியா பிசின் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது, ஜிஞ்சிவாலிஸ் ஈறைச் சிதைக்க விடுகிற நொதிகளையும் தடுக்கிறது, வாய் நாற்றத்துக்குக் காரணமான மெத்தில் மெர்காப்டன் வாயுவோடு சேர்ந்து அதை மட்டுப்படுத்துகிறது. இவை பெரும்பாலும் ஆய்வகத்தில் பார்த்தவை என்பதை மறக்க வேண்டாம், ஆனால் மூன்று பிரச்சினைகளையும் தொடும் இலை வேறு இல்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கிறது, முற்றிய இலையில் கூடுதலாக. அதனால் ஒரு கோப்பையில் சிறிது ஃபுளோரைடும் கிடைக்கிறது. பற்பசைக்கு அது மாற்று ஆகாது, இருந்தாலும் கூடுதல் நன்மை.

பெரிய சாதகம் வேறு: செய்வது சுலபம், காய்ந்த இலையாகவே கிடைப்பதால் ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் அளவு அதிகம் மாறாது, ருசி பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. தொடர்ந்து செய்ய முடிகிறது என்பதே பாதி வைத்தியம்.

சர்க்கரை சேர்த்தால் எல்லாம் வீண். பால் சேர்த்தால் பாலின் புரதம் கேட்டெகினைப் பிடித்துக்கொள்ளும். போட்டு மணிக்கணக்கில் வைத்தால் பழுப்பாக மாறும், சரக்கு காற்றோடு சேர்ந்து சிதைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கறை இதற்கும் உண்டு, கொய்யா அளவுக்கு இல்லை. குடிப்பதாக இருந்தால் ரத்தசோகை உள்ளவர்கள் உணவோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கொப்பளித்துத் துப்பினால் அந்தக் கவலை இல்லை.

## புதினா

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில புதினா வகைகளில் மென்தால், சிலவற்றில் கார்வோன். மென்தால் நாக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, வாயின் வெப்பம் மாறாமலே குளிர்ந்தது போல இருக்கும். குளிர்ச்சி வேறு, சுத்தம் வேறு. வீட்டுப் புதினாத் தண்ணீர் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்கும், அதன் மூலத்தைத் தொடுமளவுக்கு வீரியம் இருக்காது. முக்கியமாக யாரையாவது சந்திக்கப் போகும் முன் நன்று, ஈறு நோய்க்கு இதை நம்ப வேண்டாம். செறிவான புதினா எண்ணெயைக் கைக்குழந்தைகள் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, மூச்சுத் திணறல் வரலாம்.

## ஒரே பார்வையில்

| எது | தண்ணீரில் இறங்குமா | எங்கே பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத விலை |
|---|---|---|---|
| வேப்பிலை | முக்கியச் சரக்கு குறைவாகவே | ஈறோரத்தில் தடவ, ஜெல்லாக | கசப்பால் கைவிடுவது. எண்ணெயோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து |
| துளசி | ஓரளவு. மூடி வைத்தால் மட்டும் | ஆரம்பநிலை ஈறு அழற்சி | வீட்டுக் கஷாயம் மிகவும் நீர்த்தது. சிலருக்கு எரிச்சல் |
| கொய்யா இலை | நன்றாக | ஈறு வீக்கம், படலம் ஒட்டுவதைக் குறைக்க | கறை, வறட்சி, நோயை மறைப்பது |
| பச்சைத் தேயிலை | நன்றாக | அன்றாடப் பயன்பாடு, வாய் நாற்றம் | லேசான கறை. பால், சர்க்கரையால் வீணாவது |
| புதினா | வாசனை மட்டும் | தற்காலிகப் புத்துணர்ச்சி | சுத்தமாகிவிட்டது என்ற பொய் உணர்வு |
| குளோர்ஹெக்சிடின் | கரைசலாகவே வருகிறது | டாக்டர் சொன்ன சில வாரங்கள் | கறை, காரை, ருசி மாற்றம் |

## சரி, உங்களுக்கு எது

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வர ஆரம்பித்துச் சில நாட்கள்தான் ஆகிறது, பல் ஆடவில்லை, சீழ் இல்லை என்றால் கொய்யா அல்லது துளசி. இரண்டில் கறை பற்றிக் கவலைப்படுபவர் துளசிக்குப் போகலாம், வாசனை எண்ணெய் எரிச்சல் தருகிறது என்பவருக்குக் கொய்யா. ஆனால் ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவதுதான் பலரும் செய்வது, அதுதான் மோசம். 1965இல் டென்மார்க்கில் லோ என்ற ஈறு நோய் ஆய்வாளரும் சகாக்களும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது, மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. எந்த இலையும் இல்லாமல். மென்மையான பிரஷை ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து அந்த ரத்தம் வரும் இடத்தையே பொறுமையாகத் துலக்குவது முதல் மருந்து, இலை அதற்குத் துணை.

வாய் நாற்றம்தான் பிரச்சினை என்றால் நாக்கைப் பின்னால் வரை வழித்துவிட்டுப் பச்சைத் தேயிலைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஈறுப் பை, சொத்தைக் குழி, தொண்டைச் சதை, சைனஸ் என்று வேறிடத்தில் தேட வேண்டும்.

அடிக்கடி சொத்தை விழுகிறவருக்கு இலையைவிட ஃபுளோரைடு பற்பசை முக்கியம், 1000 முதல் 1500 பி.பி.எம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) வரை ஃபுளோரைடு உள்ளது. கரைய ஆரம்பித்த எனாமலில் தாதுவைத் திரும்பச் சேர்க்க உதவுவது ஃபுளோரைடுதான், அந்த வேலையை இந்த ஐந்து இலைகளில் எதுவும் அந்த அளவுக்குச் செய்யாது. துலக்கி முடித்த உடனே எந்தக் கஷாயத்தாலும் கொப்பளிக்காதீர்கள், பல்லில் படிந்த ஃபுளோரைடைக் கழுவிவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது துலக்கியதிலிருந்து நன்றாக இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் கறை பிடிக்கும் கொய்யாவைத் தவிர்க்கலாம், கம்பி எடுத்த பிறகு பல்லில் திட்டுத் திட்டாகத் தெரியும். பல் பிடுங்கியவர்கள் முதல் 24 மணி நேரம் எதனாலும் கொப்பளிக்கவே கூடாது, காயத்தில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்துவிட்டால் வலி பல நாள் நீடிக்கும். ஆறு வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகள் பலருக்குச் சரியாகத் துப்பத் தெரியாது, அவர்களுக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஈறு ரத்தத்தை இலையோடு விட்டுவைக்கக் கூடாது, ஈறு நோயும் ரத்தச் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுப்பவை.

வெற்றிலை பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் அதையும் கேட்பார்கள். வெற்றிலையில் இருக்கும் ஹைட்ராக்ஸிசாவிகால் ஆய்வகத்தில் நல்ல கிருமி எதிர்ப்பைக் காட்டியிருக்கிறது. அதை நம்பிப் பாக்கோடு சேர்த்து மெல்ல ஆரம்பிப்பது மிகப் பெரிய தவறு. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது, புகையிலை சேராவிட்டாலும்தான். வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோய்க்கும் அதுவே காரணம். இலை தனியாக வேண்டுமானால் சரி.

## செய்வதாக இருந்தால்

கொய்யா என்றால் பத்துப் பன்னிரண்டு கொழுந்து இலைகளைக் கழுவிக் கிள்ளி இருநூறு மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். துளசிக்கு அடுப்பை அணைத்தபின் ஒரு நல்ல கைப்பிடி, மூடியோடு. பச்சைத் தேயிலைக்குக் கொதி அடங்கிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, மூன்று நான்கு நிமிடம். வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு மடக்கு வாயில் விட்டு, பல்லிடுக்குகளுக்குள் புகும்படி கன்னத்தை அசைத்து அசைத்து ஒரு நிமிடம். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள். பாதுகாப்புப் பொருள் சேராத கஷாயத்தில் வெளியில் இருக்கும் கிருமிகள் வளரும், கிருமியைக் கொல்லச் செய்த தண்ணீரிலேயே கிருமியை வளர்த்து வாயில் விட்டுக்கொள்ள வேண்டாம். பூச்சிமருந்து அடித்த செடியா என்று தெரியாத இலையையும் தொடாதீர்கள்.

ஐந்தையும் ஒன்றாகப் போட்டால் ஐந்து மடங்கு பலன் வருமா என்றால் வராது. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒன்றை எடுத்து இரண்டு வாரம் செய்து பாருங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்து, கொப்பளித்த பிறகும் அதே இடத்தில் ரத்தம் வந்தால் அங்கே காரையோ ஈறுப் பையோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நலமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மூன்று மில்லிமீட்டர் வரைதான் இருக்கும், நோய் வந்தால் அது ஆழமாகும், அந்த ஆழத்துக்குக் கொப்பளிக்கும் நீர் இறங்காது. பல் டாக்டர் மெல்லிய அளவுகோல் ஒன்றை விட்டு ஒவ்வொரு பல்லையும் அளந்து சொல்வார், சில நிமிட வேலை. பல் ஆடுவது, ஈறிலிருந்து சீழ், கடித்தால் சுளீர் என்ற வலி, இவை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தாடைக்கடியில் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் அன்று இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அந்த வீக்கம் சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது.